உடம்புக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு

(கூட்டமைப்பின் சுகாதார தினக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற சமுதாய சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



நாமெல்லாம் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள். சந்தா எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, யார் பாக்கின்னு கேட்டா நோட்டைப் பார்க்காமலே சொல்லுவோம். ஆனா நம்ம உடம்போட வரவு செலவு என்னன்னு கேட்டா பதில் வராது. நடவு நடுறோம், களை எடுக்கிறோம், தண்ணிக் குடம் தூக்குறோம், மண்வேலைக்குப் போறோம், வந்து வீட்டு வேலையும் பார்க்கிறோம். இத்தனைக்கும் தெம்பு எங்கிருந்து வருது? சில நாளைக்கு அந்தத் தெம்பு ஏன் வரவே மாட்டேங்குது? இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

இதைத் தெரிஞ்சுக்கிறது ஏன் முக்கியம்னு முதல்லயே சொல்லிடறேன். ஒரு பொம்பளை "எனக்கு முடியல, களைப்பா இருக்கு"ன்னு சொன்னா என்ன பதில் வருது? வீட்டில் "எப்பப் பார்த்தாலும் இதே பாட்டு" என்பார்கள். வேலை செய்யும் இடத்தில் "சோம்பேறி" என்பார்கள். அதைவிட மோசம், நாமே "வயசாயிடுச்சு போல"ன்னு சொல்லிக்கிட்டு விட்டுடுறோம். முப்பது வயசுல என்னங்க வயசு? களைப்பு என்பது குணம் இல்லை. அது கணக்கு. எந்த வரவு குறைஞ்சிருக்குன்னு பார்த்தா, அதைச் சரி செய்யலாம்.

முந்தானையில் முடிந்த சில்லறை

நாம் சாப்பிடுவது சோறு, களி, கம்பங்கூழ், பருப்பு, முட்டை, மீன். ஆனா நம்ம சதை, அதாவது கை கால் தசை, சோற்றை நேராக எடுத்து வேலை செய்யாது. அதுக்கு ஒரே ஒரு காசுதான் செல்லும். எந்தச் சாப்பாடாக இருந்தாலும் அந்தக் காசாக மாற்றிக் கொடுத்தால்தான் தசை வாங்கும். அந்தக் காசின் பெயர் ஏ.டி.பி. அடினோசின் டிரை பாஸ்பேட் என்பது முழுப் பெயர். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, "காசு" என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் காசில் பாஸ்பேட் என்று மூன்று மணிகள் கோத்த மாதிரி இருக்கும். கடைசி மணி கழலும்போது அந்தச் சக்தியில் தசை சுருங்குது. நாம் கையைத் தூக்குறோம், காலை எடுத்து வைக்கிறோம். கழன்ற மணியை மறுபடி கோத்தால் காசு மறுபடி செல்லும். குழுவில் ஒரே ரூபாய் கைமாறிக் கைமாறிப் பத்துப் பேருக்கு உதவுதே, அந்த மாதிரி. ஒரு நேரத்தில் உடம்பு முழுக்க இருக்கும் இந்தக் காசு 100 கிராம்கூட வராது. ஆனா சுத்திச் சுத்தி, ஒரு நாளில் ஏறக்குறைய நம்ம எடை அளவுக்கு அது புழங்குது.

முழு வேகத்தில் ஒரு வேலை செய்தால், தசையில் தயாராக இருக்கும் காசு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் காணும். முந்தானையில் முடிந்து வைத்த சில்லறை மாதிரி. டீ வாங்கலாம், அரிசி வாங்க முடியாது. அப்புறம் என்ன செய்யும் உடம்பு? நாம் செய்வதையேதான் அதுவும் செய்யும்.

பக்கத்து வீட்டுக் கைமாத்து

முதலில் கைமாத்து வாங்கும். தசைக்குள்ளேயே கிரியாட்டின் பாஸ்பேட் என்று ஒன்று பக்கத்து வீட்டுக்காரி மாதிரி காத்துக்கிட்டு இருக்கு. காசு தீர்ந்ததும் தன்கிட்ட இருக்கிற மணியை எடுத்து உடனே கொடுத்துடும். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. நிறைஞ்ச குடத்தை ஒரே மூச்சில் தூக்கி இடுப்பில் வைக்கிறோமே, நெல் மூட்டைக்கு ஒரு கை கொடுக்கிறோமே, அந்த வேலையெல்லாம் இந்தக் கைமாத்தில் நடக்குது. ஆனா பத்து விநாடிக்குள் அதுவும் பெரும்பாலும் தீர்ந்துடும். இரண்டு மூன்று நிமிஷம் சும்மா நின்றால் திரும்ப நிரம்பிடும். அதனாலதான் ஒரு குடம் தூக்கிட்டுக் கொஞ்சம் நின்னு அடுத்ததைத் தூக்கினா கனம் தெரியறதில்லை.

இந்தக் கைமாத்தையும் காசையும் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். எல்லப்பிரகட சுப்பாராவ் என்று பெயர். 1895ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் உடுத்தி வந்ததால், ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல் போனவர். பிறகு அமெரிக்கா போனார். இரவில் மருத்துவமனையில் கடைநிலை வேலை பார்த்துக்கொண்டே படித்தார். சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1927ல் கிரியாட்டின் பாஸ்பேட்டையும், 1929ல் ஏ.டி.பி.யையும் தசையில் கண்டு சொன்னார். அதே 1929ல் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டார். சுப்பாராவ் பெயரை ஞாபகம் வைச்சுக்குங்க. பேச்சு முடியறதுக்குள்ள இன்னொரு தடவை வருவார்.

அவசரத்துக்கு அடகு

களத்தில் கடலை காயுது. திடீர்னு வானம் இருட்டிக்கிட்டு வருது. கூடையை எடுத்துக்கிட்டு ஓடி ஓடி அள்ளுறோம். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். தொடை கனக்கும், கை எரியும், நெஞ்சு அடிச்சுக்கும். உள்ளே என்ன நடக்குது?

சில்லறையும் தீர்ந்தது, கைமாத்தும் தீர்ந்தது. மூச்சுக் காற்று தசைக்குப் போதுமான அளவு போய்ச் சேர இன்னும் நேரம் ஆகும். வேலையோ காத்திருக்காது. அதனால தசை தன்கிட்ட சேர்த்து வைத்த சர்க்கரையை அரைகுறையாக உடைத்துக் காசு எடுக்குது. இதற்குக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் தேவையில்லை, வேகமாக நடக்கும். ஆனா ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும். ஒரு சர்க்கரைத் துகளை இப்படி உடைத்தால் கிடைப்பது 2 காசு. நல்ல நகையைக் கொண்டுபோய் அவசரத்துக்குக் கிடைத்த விலைக்கு அடகு வைப்பது மாதிரி.

அடகுச் சீட்டு மாதிரி மிஞ்சுவது லாக்டேட் என்ற பொருள். இது குப்பை இல்லை. ரத்தத்தில் கலந்து இருதயத்துக்குப் போனால் இருதயம் அதை எரித்துக்கொள்ளும். கல்லீரலுக்குப் போனால் கல்லீரல் அதை மறுபடி சர்க்கரையாக்கும். நகை மீட்கிற மாதிரி. ஆனா தசை எடுத்த 2 காசுக்கு, மீட்கக் கல்லீரல் செலவழிப்பது 6 காசு. பார்த்தீங்களா, உடம்புக்குள்ளேயும் அவசரக் கடனுக்கு வட்டி அதிகம்தான்.

தசைக்கும் கல்லீரலுக்கும் நடக்கிற இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கண்டு சொன்னவர்கள் கெர்ட்டி கோரி என்ற பெண்மணியும் அவர் கணவர் கார்ல் கோரியும். உடம்பு சேர்த்து வைத்த சர்க்கரையை எப்படி மாற்றிப் பயன்படுத்துது என்ற ஆராய்ச்சிக்காக 1947ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான நோபல் பரிசை வாங்கிய முதல் பெண் கெர்ட்டி கோரிதான்.

ஓட்டம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குதே, ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? வேலைதான் முடிஞ்சு போச்சே? தீர்ந்த சில்லறையை நிரப்ப, கைமாத்தைத் திருப்பிக் கொடுக்க, அடகை மீட்க, எல்லாத்துக்கும் ஆக்சிஜன் வேணும். மூச்சு வாங்குவது என்பது கடன் அடைக்கிறது. அப்போது "என்ன நின்னுட்டே"ன்னு யாராவது கேட்டா, "பாக்கி கட்டுறேன்"னு சொல்லுங்க.

நிதானமாக எரியும் அடுப்பு

இனி நாலாவது வழி. இதுதான் நம்ம குழு மாதிரி. மெதுவா ஆரம்பிக்கும், ஒழுங்கா நடக்கும், நாள் முழுக்கக் கை கொடுக்கும்.

வேலையை ஆரம்பித்து இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் மூச்சும் இருதயமும் வேகம் பிடித்து, ஆக்சிஜன் தசைக்குப் போய்ச் சேரும். தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி அடுப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கு. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். சர்க்கரையும் கொழுப்பும் அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து முழுசாக எரியும். அடகு வைத்தால் 2 காசு தந்த அதே சர்க்கரைத் துகள், இங்கே சுமார் 30 காசு தருது. புகை இல்லை, சாம்பல் இல்லை. மிஞ்சுவது தண்ணீரும், நாம் வெளியே விடும் கரியமில வாயுவும்தான்.

இன்னொன்று சொல்கிறேன், கேளுங்க. இந்த அடுப்புகள் நமக்கு அம்மாவிடமிருந்துதான் வருது. அப்பாவிடமிருந்து வருவதில்லை. நம்ம அம்மாவுக்கு அவங்க அம்மா கொடுத்தது. நாம் பெற்ற ஆண் பிள்ளை உடம்பிலும் எரிவது நாம் கொடுத்த அடுப்புதான். வீட்டு அடுப்பை நாம்தான் மூட்டுறோம், உடம்பு அடுப்பையும் நாம்தான் கொடுக்கிறோம்.

எந்த வேகத்தில் வேலை செய்தால் இந்த அடுப்பு ஒழுங்காக எரியும்? அதற்கு மெஷின் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் அது சரியான வேகம். ஒரு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் அடகுக் கடைக்குப் போய்விட்டோம் என்று அர்த்தம். வரிசையாக நின்று, பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் நடவு நட்டால் மூச்சு தானாகச் சீராக இருக்கும். ஆரம்பத்திலேயே பாய்ந்து பாய்ந்து செய்துவிட்டு மதியத்துக்கு மேல் உட்காருவதைவிட, ஒரே சீராகச் செய்வதுதான் உடம்புக்கு லாபம்.

இன்னொரு செலவும் உண்டு. எரிகிற சக்தியில் நூற்றுக்கு 20, 25 பங்குதான் வேலையாக மாறும். மீதி எல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் வேர்க்குது. வேர்வையில் தண்ணியும் உப்பும் போகும். வெயிலில் வேலை செய்யும்போது தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அப்பப்போ தண்ணி குடிக்கணும். உப்புப் போட்ட நீராகாரம், மோர் ரொம்ப நல்லது. ஒதுங்க இடமில்லையே என்று தண்ணி குடிக்காமலே இருக்கிறவங்க நம்மில் நிறையப் பேர். இது கூட்டமைப்பில் பேச வேண்டிய விஷயம். வேலை நடக்கும் இடத்தில் ஒதுங்க மறைவான இடம் கேட்பது நம்ம உரிமை.

சேமிப்பும் வைப்புத் தொகையும்

அடுப்பு எரிய விறகு வேணும். உடம்பில் விறகு இரண்டு இடத்தில் இருக்கு.

ஒன்று, கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. இது நம்ம குழுச் சேமிப்பு மாதிரி, கேட்டதும் கிடைக்கும். இரண்டாவது கொழுப்பு. இது வங்கியில் போட்ட வைப்புத் தொகை. நிறைய இருக்கும். ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தந்தால், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஆனா அவசரத்துக்கு எடுக்க முடியாது, மெதுவாகத்தான் வரும்.

மூளைக்கு முக்கியமாக ரத்தத்தில் உள்ள சர்க்கரைதான் வேணும். ராத்திரி நாம் தூங்கும்போது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்துதான் மூளைக்குச் சர்க்கரை கொடுக்குது. அதனால் விடியும்போது அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி குறைஞ்சிருக்கும். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? வாசல் கூட்டி, தண்ணி பிடித்து, சமைத்து, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்து, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு கிளம்புறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? டீயில் போட்ட இரண்டு ஸ்பூன் சர்க்கரை, 10 கிராம் என்று வையுங்கள், 40 கலோரி. 50 கிலோ எடை உள்ள பெண் மண் வெட்டினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 250 கலோரி செலவு. அப்போ அந்தச் சர்க்கரை பத்து நிமிஷத்துக்குக்கூடக் காணாது. மீதிக்குச் சேமிப்பைத்தான் சுரண்டணும். தலை கிறுகிறுப்பு, கை நடுக்கம், கண் இருட்டுவது எல்லாம் ஏன் வராது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ல் ஒரு கணக்கு கொடுத்தார்கள். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு நாளைக்கு 1,660 கலோரி, நடுத்தர உழைப்பு உழைக்கும் பெண்ணுக்கு 2,130, கடினமாக உழைக்கும் பெண்ணுக்கு 2,720. 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி தரும். நேத்து நாம் என்ன சாப்பிட்டோம் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் கூட்டிப் பாருங்க. எல்லாருக்கும் போட்டது போக, பானை அடியில் மிஞ்சியதைச் சாப்பிட்டவர் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். எனக்கே தெரியும்.

விறகு இருந்தும் எரியாத அடுப்பு

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். சில சகோதரிகள் "நான் நல்லாத்தானே சாப்பிடுறேன், அப்பவும் முடியலையே"ன்னு கேட்பாங்க. விறகு இருந்தாலும் காற்று இல்லாவிட்டால் அடுப்பு எரியுமா? புகையும், அவ்வளவுதான்.

தசைக்கு ஆக்சிஜனைத் தூக்கிச் செல்வது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேணும். அந்தக் குட்டி அடுப்புகளுக்கு உள்ளேயும் இரும்பு வேணும். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்கணும். கர்ப்பிணிக்கு 11. அதற்குக் கீழே போனால் ரத்தசோகை.

12 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், 100 மில்லி ரத்தம், அதாவது ஒரு சின்ன டம்ளர் அளவு, சுமார் 16 மில்லி ஆக்சிஜன் சுமக்கும். 8 கிராம் இருந்தால் 11 மில்லிகூட வராது. மூன்றில் ஒரு பங்கு போச்சு. மூன்று பேர் செய்யும் வேலையை இரண்டு பேர் செய்வது மாதிரி இருதயம் அடிச்சுக்கும். அதனால்தான் படபடப்பு, நாலு படி ஏறினால் மூச்சு, சின்ன வேலைக்கே தொடை கனம். மற்றவங்க அடுப்பில் வேலை செய்யும்போது, இவங்க எல்லாத்துக்கும் அடகுக் கடைக்கே ஓட வேண்டியிருக்கு.

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிறவங்கள்ல இரண்டுக்கு ஒருவர் என்று வைச்சுக்குங்க. உங்க பக்கத்தில் இருப்பவரைப் பாருங்க. அவங்களா, நீங்களா?

இதற்கும் கூலிக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் ஒரு ஆய்வு செய்து 1979ல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சத்து இல்லாத வெறும் மருந்து. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், இரும்புச்சத்து எடுத்தவர்கள் பறித்த கொழுந்து கூடியிருந்தது. ரத்தம் ரொம்பக் குறைவாக, 6க்கும் 9க்கும் நடுவில் இருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். அதே பெண்கள், அதே மலை, அதே கூடை. கூடினது ரத்தம்தான். "சோம்பேறி" என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பதில் வேணுமா?

நாம் என்ன செய்யலாம்?

1. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதீங்க. பழைய சோறு, கூழ், இரண்டு இட்லி, எதுவானாலும் சரி. டீ மட்டும் சாப்பாடு ஆகாது.

2. டீ, காப்பியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீங்க. சாப்பாட்டில் உள்ள இரும்பை அவை சேர விடாது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க. எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். முருங்கைக்கீரைப் பொரியலில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து பாருங்க.

3. கீரை, கம்பு, பயறு, சுண்டல் நல்லது. மீன், கறி, ஈரல் சாப்பிடுபவர்களுக்கு அதில் உள்ள இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும் என்றும், பெண்ணுக்கு 29 வேண்டும் என்றும் அதே 2020 கணக்கு சொல்லுது. மாதவிலக்கில் நமக்கு ரத்தம் போகுது, அதனால்தான். ஆனா குழம்பில் இருக்கிற ஈரல் துண்டு யார் தட்டுக்குப் போகுது?

4. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம். ஒரு சொட்டு ரத்தம்தான். கர்ப்பிணிகளுக்குத் தினம் ஒரு இரும்பு மாத்திரை வீதம் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள் என்று அரசுத் திட்டம் இருக்கு. மற்ற பெண்களும் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்க. 8க்குக் கீழே இருந்தாலோ, மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போனாலோ டாக்டரைக் கட்டாயம் பாருங்க.

5. காலில் செருப்பு இல்லாமல் வெளிக்கு, தோட்டத்துக்குப் போகாதீங்க. கொக்கிப்புழு பாதம் வழியாக உள்ளே போய்க் குடலில் இருந்து ரத்தம் குடிக்கும். நாம் கஷ்டப்பட்டு வரவு வைச்சா, அது திருட்டுச் செலவு செய்யும்.

அந்த இரும்பு மாத்திரையில் இன்னொரு சத்தும் இருக்கு. ஃபோலிக் அமிலம். புது ரத்தம் ஊற அது வேணும். 1940களில் அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? அதே சுப்பாராவ்தான். இளம் வயதில் தன் சகோதரர்களை நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1948ல் காலமானார். அவர் பெயர் நமக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனா அவர் உழைப்பு நம்ம வீட்டு அலமாரியில் இருக்கு. பிரிக்காமல் கிடக்கிற அந்த மாத்திரை அட்டையை இன்னைக்குப் போய் எடுங்க.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"புது வேலை செய்தால் மறுநாள் உடம்பெல்லாம் வலிக்குதே, அது அந்த லாக்டேட்டா?"

இல்லை. அது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ரத்தத்திலிருந்து போய்விடும். மறுநாள் வருகிற வலி, பழக்கமில்லாத வேலையில் தசை நாரில் ஏற்படும் மிகச் சிறிய காயங்களால். அது ஆறும்போது தசை இன்னும் பலமாகும். கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கூட்டினால் வலி குறையும்.

"வயல் வேலை செய்கிற நமக்கு உடற்பயிற்சி எதுக்குங்க?"

வயலில் உழைக்கிறவங்களுக்குத் தனியாகத் தேவைப்படுவது சாப்பாடும் ஓய்வும்தான். ஆனா நம்மில் இப்போ தையல் மெஷின்ல உட்கார்றவங்க, கடை வைச்சிருக்கிறவங்க, கணக்கு எழுதுறவங்க நிறைய. அவங்க வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தொடர்ந்து நடந்தால் தசைக்குள் அடுப்புகளின் எண்ணிக்கை கூடும். போன மாதம் மூச்சு வாங்கிய தூரம் இந்த மாதம் சுலபமாகும்.

"எனக்குச் சர்க்கரை நோய். நான் நடக்கலாமா?"

நடக்கணும். வேலை செய்கிற தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆனா சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு உழைக்கக் கூடாது. திடீர் வேர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் உடனே சர்க்கரையோ வெல்லமோ சாப்பிட்டு உட்காரணும். முந்தானையில் ஒரு துண்டு வெல்லம் இருக்கட்டும்.

"இரும்பு மாத்திரை போட்டால் குமட்டுது, மலம் கறுப்பாகப் போகுது. நிறுத்திடலாமா?"

கறுப்பாகப் போவது சகஜம், பயம் வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுங்க. அப்பவும் ஒத்துக்கலைன்னா செவிலியரைக் கேளுங்க. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சகோதரிகளே, குழுவில் ஒருத்தர் சந்தா கட்டவில்லை என்றால் நாம் அவரைத் திட்டுவதில்லை. "என்ன கஷ்டம்"னு வீட்டுக்குப் போய்க் கேட்கிறோம். நம்ம உடம்பு "முடியல"ன்னு சொன்னாலும் அப்படித்தான் கேட்கணும். சாப்பாடா, ரத்தமா, தண்ணியா, ஓய்வா, எந்தத் தவணை பாக்கின்னு பார்க்கணும். நமக்கு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டு மருமகள் களைத்து உட்கார்ந்தால் அவளுக்கும் அதே கேள்வியைத்தான் கேட்கணும். மாமியாராக இருக்கிறவங்க இதை இரண்டு தடவை கேட்டுக்குங்க.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

* இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் நாம் ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டோம்?
* கடந்த ஓராண்டில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்தவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் சேர்ந்து போக எந்த நாள் வசதி?
* நம் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட என்ன தடை? அதை எப்படி மாற்றலாம்?
* பேசி எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் என்ன நடந்தது என்று பார்க்கவும்.